பிசையுது என்றால் போதும்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும், அது எனக்கும் தெரியும், ஆனால் உன்னிடம் பூசி மெழுகிப் பழக்கமில்லை, அதனால் பாதி நலம் என்று வைத்துக்கொள். உன் அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் வலி, ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி உப்பியிருக்கிறது, டாக்டரிடம் போங்கள் என்றால் லாண்டரியில் பாய்லரை யார் பார்ப்பார்கள் என்கிறார், என்னமோ இவர் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருவதற்குள் பாய்லர் எழுந்து நடந்து போய்விடும் போல. என் முழங்கால் எப்போதும் போலத்தான், படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறது. எதிர் வீட்டுக்கு நீலப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், காலையில் கதவைத் திறந்தால் கண் கூசுகிறது. சமையலறைக் குழாய் இன்னமும் ஒழுகுகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தக் கடிதத்தில் நான் சும்மா கேட்கப் போவதில்லை, அதைக் கேட்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கடிதம் வீட்டுக்கு வராமல் நீ வேலை பார்க்கிற கண்ணாடிக் கடைக்கு வந்திருக்கிறதே என்று நினைப்பாய். வேண்டுமென்றேதான் கடை விலாசம் எழுதினேன், கடைக்கார அம்மா உன் கையில் நேராகக் கொடுப்பார்கள், நல்ல மனுஷி என்று நீயே சொல்லியிருக்கிறாய். படித்துவிட்டு அங்கேயே எங்காவது வைத்துவிடு, பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போகாதே. போனில் பேசலாம் என்றால் உன் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கிறது, நான் எச்சில் விழுங்குவதுகூட மாப்பிள்ளைக்குக் கேட்கும். சாப்பிட்டியாம்மா என்று உன்னைக் கேட்டால், சாப்பிட்டா அத்தை என்று அவர் பதில் சொல்கிறார். தூங்கினியா என்றால், நல்லா தூங்கினா அத்தை. மெசேஜ் அனுப்பினால் அதையும் அவர்தான் முதலில் பார்க்கிறார் போலிருக்கிறது, போன மாதம் உனக்கு அனுப்பின தலைவலித் தைலம் விஷயத்துக்கு அவரிடமிருந்து நன்றி வந்தது. அக்கறையான பிள்ளை என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன் நான். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை, ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீ ஒன்று கேட்டாய். நான் குழாயைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன், நடுவில், அம்மா, உங்க லாண்டரியில பிசையுது பிசையுதுன்னு சொல்வீங்களே, அது எப்படிம்மா இருக்கும், பயம் மாதிரி இருக்குமா, இல்ல வேற மாதிரியா என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை சிரித்தார். அத்தை, உங்க பொண்ணுக்கு இப்பல்லாம் எல்லாத்துக்கும் விளக்கம் வேணும், பேசாம ஒரு பள்ளிக்கூடம் வெச்சுக் குடுத்துடுங்க என்றார். நல்ல சிரிப்புதான், குறை சொல்ல முடியாது. நீயும் சிரித்தாய், ஆனால் அவர் சிரித்து முடித்த பிறகு சிரித்தாய். சும்மாதாம்மா கேட்டேன் என்றாய், அப்புறம் மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்திருப்பதைச் சொன்னாய், இந்த மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும், அங்கே அக்கம்பக்கத்தில் வீடு கிடையாது, போன் சரியாக எடுக்காது, கடை வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று வரிசையாக, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பாயே, அந்தக் குரலில். நானும் மக்கு மாதிரி, புது இடம் பழகினா சரியாயிடும் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பள்ளிக்கூடம் விட்டால் நேராக லாண்டரிக்கு வந்து துணி மடிக்கிற மேசைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினவள் நீ. அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவள். உனக்குத் தெரியாததா அது? தெரிந்ததையே ஒருத்தி கேட்கிறாள் என்றால் அவளுக்கு வேறு என்னமோ வேண்டியிருக்கிறது.

இருந்தாலும் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு விட்ட கடன். பயம் இல்லை பாப்பா அது. தெருவில் நாய் துரத்தினால் பயம், நாய் எதிரில் நிற்கிறது, கையை நீட்டிக் காட்டலாம். கவலை என்றால் உன் அப்பாவின் பல் மாதிரி, எங்கே வலிக்கிறது என்று தெரியும், நாக்கு சும்மா இருக்காமல் அங்கேயே போய்ப் போய்த் தொட்டுப் பார்க்கும். சந்தேகம் ஒரு ஆள் மேல் வருவது. பகீர் என்பது சேதி வந்து சேர்ந்த பிறகு. பிசைவது இதில் எதுவும் கிடையாது. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும், விளக்கு எரியும், அடுப்பில் பால் இருக்கும், யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனாலும் வயிற்றுக்குள் யாரோ உட்கார்ந்து மாவு பிசைகிற மாதிரி இருக்கும், அவசரமே இல்லாமல், விட்டு விட்டு. என்ன வரப்போகிறது என்று சொல்லாது, எந்தப் பக்கமிருந்து என்றும் சொல்லாது. நல்லதில்லை, வந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான் சொல்லும். சில பேருக்கு வயிற்றில் இல்லாமல் பிடரியில் வரும், உள்ளங்கை சில்லென்று ஆகிறவர்களும் உண்டு, ஆனால் எல்லோருமே பிசையுது என்றுதான் சொல்வோம். எல்லாம் முடிந்த பிறகு வந்து எனக்கு அப்பவே பிசைஞ்சுது என்று சொல்கிறவர்களை லாண்டரியில் ஒரு நாயும் சீண்டாது. அது வருவதற்கு முன்னால் சொல்ல வேண்டியது, பின்னால் சொல்லி என்ன புண்ணியம். வீட்டில் நான் அந்தச் சொல்லைக் கொஞ்சம் தாராளமாக அள்ளி விட்டிருக்கிறேன், அதை ஒப்புக்கொள்கிறேன், உன் பஸ் தாமதமானாலும் பிசையும், நீ தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுத்தாலும் பிசையும், உன் வயித்துக்கு ஒரு மீட்டர் வெச்சா என் பாய்லரையே எடுத்துடலாம் என்று உன் அப்பா கிண்டல் செய்வார். ஆனால் உருளைக்கு முன்னால் நிற்கும்போது நான் ஒரு தடவைகூட அதைச் சும்மா சொன்னதில்லை.

உருளை உனக்கு ஞாபகம் இருக்கும், படுக்கை விரிப்பெல்லாம் உள்ளே போய் அந்தப் பக்கம் இஸ்திரி ஆகி வருமே, உள்ளே நீராவி ஓடுகிற அந்த நீள உருளை. இந்தப் பக்கம் ரெண்டு பேர் விரிப்பின் ரெண்டு முனையைப் பிடித்து நீவி உள்ளே விடுவோம், அந்தப் பக்கம் ரெண்டு பேர் வாங்கி மடிப்பார்கள். எனக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். யாராவது பிசையுது என்று சொன்னால் எல்லோரும் கையை எடுத்துவிட வேண்டும், நிறுத்துகிற பொத்தானுக்குப் பக்கத்தில் இருப்பவர் அதை அமுக்கிவிட வேண்டும். ஏன், எதுக்கு, என்ன பார்த்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது. அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் பார்க்க வேண்டும், சொன்னவர் சரி என்ற பிறகுதான் மறுபடி ஓட்ட வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. உண்மையைச் சொல்கிறேன், பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. ஒரு தடவை தலையணை உறைக்குள் கத்திரிக்கோல் இருந்தது, ஒரு தடவை ஒரு பெண்ணின் ஜடை அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது, மற்ற நேரமெல்லாம் சும்மா நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு மறுபடி வேலையைத் தொடங்குவோம். அதற்காக யாரும் முகத்தைச் சுளித்ததில்லை. மடிக்கிற பக்கத்தில் ஒரு ஆள் இருந்தாரே, மூணு மணி என்று பேர் வைத்திருந்தோமே, டீ குடிக்க வேண்டும் என்றால் சரியாக மூணு மணிக்கு அவருக்குப் பிசையும். அவருக்கும் நிறுத்தினோம். தினமும் நிறுத்திவிட்டு எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு அவர் சரி சொல்லட்டும் என்று பேசாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது, அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. பொய்யென்று தெரிந்தும் ஏன் நிறுத்தினீங்க என்று நீ அப்போது கேட்டாய். இன்னொருத்தி நிஜமாகச் சொல்லும்போது ஒரு நொடிகூட யோசிக்கக் கூடாது, அதற்காகத்தான்.

இந்த வழக்கத்தைப் புது மேனேஜர் மாற்றினார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், வந்ததும் பழுதான காற்றாடியை எல்லாம் சரி பண்ணினார், நாங்கள் நிற்கிற இடத்தில் காலுக்கு ரப்பர் விரிப்பு போட்டுத் தந்தார், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் வேலை தேங்குகிறது, ஆஸ்பத்திரிக்குத் துணி நேரத்துக்குப் போவதில்லை என்று கூப்பிட்டுச் சொன்னார். அக்கா, நிறுத்தவே கூடாதுன்னு நான் சொல்லலையே, எதுக்குன்னு காரணத்தைச் சொல்லிட்டு நிறுத்துங்கன்னுதானே சொல்றேன் என்றார். காரணம் சொல்லத் தெரியாமல் நிறுத்தினால் அழுக்குத் துணி பிரிக்கிற அறைக்குப் போக வேண்டும். நியாயமாகத்தான் இருந்தது, தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டோம். அதற்கப்புறம் உருளை நிற்கவே இல்லை. எல்லோருக்கும் வயிறு ஒரேயடியாகச் சரியாகிவிட்டது என்று உன் அப்பாகூடச் சிரித்தார்.

ரேடியோ உனக்குத் தெரியும், வேலையில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறவள், காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதுதான் மூடுவாள். இந்தப் புதன்கிழமை காலை அவளும் நானும் துணி விட்டுக்கொண்டிருந்தோம். அவள் நாத்தனார் புது ஃப்ரிட்ஜ் வாங்கி அதற்குப் பூட்டும் போட்டு வைத்திருக்கிறாளாம், அந்தக் கதையை அபிநயத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாள், அந்தப் பக்கம் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். சட்டென்று பேச்சு நின்றது. பாதி வாக்கியத்தில் நின்றது பாப்பா, அவள் பேச்சு பாதியில் நின்று நான் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்த்தேன். கை பாட்டுக்கு விரிப்பை நீவிக்கொண்டிருக்கிறது, வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, கண் என்னைப் பார்த்தது, அப்புறம் மேனேஜரின் கண்ணாடி அறையைப் பார்த்தது. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. நாத்தனார் என்ன செய்தாள் என்பதை மறந்துவிட்டாள் போல என்று நினைத்தேன் நான். ஆஸ்பத்திரி அங்கி ஒன்றின் கயிறு விரிப்பின் ஓரத்தில் முடிச்சு விழுந்து அடியில் தொங்கியிருக்கிறது, எங்கள் ரெண்டு பேருக்குமே தெரியவில்லை. அது அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. விரிப்பு உள்ளே போனது, கயிறு போனது, கையும் கூடவே போனது. நான் உடம்போடு போய்ப் பொத்தான் மேல் விழுந்தேன். அமுக்கினாலும் உருளை உடனே நிற்காதே. அவள் கத்தக்கூட இல்லை, நான்தான் கத்தினேன். உன் அப்பா பாய்லர் அறையிலிருந்து ஓடிவந்தார், அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

வண்டியில் நானும் மேனேஜரும் அவளைத் தாங்கிக்கொண்டு போனோம். கையை ஈரத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்திருந்தேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது மேனேஜர், முகம் வெளிறிப் போய், ஏதாவது தோணியிருந்தா சொல்லியிருக்கலாமேம்மா என்றார். அவர் கோபமாகக் கேட்கவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? சொல்லலாம்னுதான் சார் பார்த்தேன், துணி கொஞ்சம் கனமா இருந்த மாதிரி இருந்துச்சு, கனமா இருக்குன்னு சொன்னா ஈரத் துணி கனமாத்தானே இருக்கும்னு கேப்பீங்க, அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன், அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு என்றாள். பாவி மகள், மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள். மேனேஜர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் வாயில் ஊற்றினார், பாதி அவர் சட்டை மேலேயே கொட்டியது. ரெண்டு விரல். ஒன்றை மறுபடி மடக்க முடியும் என்கிறார்கள், இன்னொன்றைப் பற்றி இப்போதைக்குச் சொல்ல முடியாது என்கிறார்கள். நேற்று மேனேஜர் உருளைக்குப் பக்கத்தில் வந்து நின்று, பழைய மாதிரியே செய்யுங்க என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். யாருக்கும் சந்தோஷம் இல்லை. ரேடியோ நின்ற இடத்தில் இப்போது வேறு ஒரு பெண் நிற்கிறாள், அவள் பேசுவதே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ரேடியோவின் கை ஞாபகம் வரவில்லை, அவள் உதடுதான் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அப்படியே உன் ஞாபகம் வந்துவிட்டது. போனில் நான் எதையாவது கேட்டால் நீ பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விழுகிறதே பாப்பா, கொஞ்ச நாளாகவே விழுகிறது. லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லைன் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நீ வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறாய் என்று பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது, அதற்கப்புறம் நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். அவரைத் தெரியும்தானே உனக்கு, மீட்டர் முள் எங்கே நிற்கிறதோ அதைத்தான் நம்புவார், மற்றதெல்லாம் அவருக்குக் கதை. கன்னத்தில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு கேட்டார். வழக்கம் போல மீட்டர் கிண்டல் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அவ சும்மா கேக்கற பொண்ணு இல்ல என்றார். நான் ஆத்திரத்தில், இப்பவே போன் பண்ணி என்னடி நடக்குது அங்கே, கை நீட்டுறாரா, வீட்டைப் பூட்டிட்டுப் போறாரா, ஏன் போனை அவர் கையில வெச்சிருக்கார் என்று எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறேன் என்று எழுந்தேன். உன் அப்பா கையைப் பிடித்து உட்காரவைத்தார். எதையும் கேக்காதே, கேட்டா அவளும் காரணம் தேட ஆரம்பிச்சுடுவா என்றார். அவ்வளவுதான் பேசினார். அப்புறம் உன் அறைக்குப் போய் அங்கே நான் அடைத்து வைத்திருந்த பழைய பெட்டி, இஸ்திரி மேசை, காலி டப்பா எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டார், கட்டிலைத் துடைத்தார், ஜன்னல் கொக்கி லூசாக இருக்கிறது என்று அதையும் முடுக்கினார். பல் வலியோடு அவர் கட்டிலை இழுப்பதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதனால் நான் எதையும் கேட்கவில்லை பாப்பா. மாப்பிள்ளையைப் பற்றி நாலு பேர் கேட்டால் நான் நாலு நல்லது சொல்வேன். குடி கிடையாது, குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, போன தடவை வந்தபோது என் முழங்காலுக்கு வெந்நீர்ப் பை வாங்கி வந்தார். நீயும் இதையெல்லாம்தான் உனக்குள் அடுக்கி அடுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாய். அடித்தாரா, இல்லை. திட்டினாரா, இல்லை. பின்னே எதை வைத்து நான் அம்மாவிடம் சொல்வது, கேட்டால் என்ன சொல்வது, சிரிப்பார்களே என்று மென்று முழுங்கிக்கொண்டிருப்பாய். நிறுத்து அதை. நீ எதையும் எனக்கு நிரூபிக்க வேண்டாம். உன்னைக் கூண்டில் ஏற்றி யாரும் சாட்சி கேட்கப் போவதில்லை. உனக்குப் பிசைகிறது என்றால் பிசையுது என்று ஒரு தடவை சொல், அவ்வளவுதான் வேண்டும். ஸ்பீக்கரில் சொன்னாலும் சரி, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னாலும் சரி, இது மறைத்துச் சொல்கிற சொல் இல்லை. நாங்கள் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வருவோம். ஏன் என்று நான் கேட்க மாட்டேன், உன் அப்பா கேட்க மாட்டார், வேறு யாராவது கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன், என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும்.

ஒன்றும் இல்லாமல் போய்விட்டால் என்று யோசிப்பாய். போகட்டுமே. இங்கே வந்து கொஞ்ச நாள் தூங்கு, சாப்பிடு, உன் அப்பாவோடு சண்டை போடு, உனக்கே சரி என்று பட்டால் திரும்பிப் போ, நானே வண்டி ஏற்றி விடுகிறேன். மாப்பிள்ளை நல்லவர் என்றால் அதைப் பொறுத்துக்கொள்வார். ஆனால் அந்தப் புது இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப் போடாதே, அங்கே போன் எடுக்காது என்று நீதானே சொன்னாய். இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுவும் முக்கியம். எனக்காகச் சொல்லாதே. இது என் வயிறு படுத்துகிற பாடுதான், உனக்கு அப்படியெல்லாம் இல்லை என்றால், இல்லம்மா என்று சொல்லிவிடு, நான் வாயை மூடிக்கொள்கிறேன், மாப்பிள்ளையிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அது உன் வாயிலிருந்து உனக்காக வர வேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நீ பேசுவாய். நான் இதில் ஒன்றையும் காட்டிக்கொள்ள மாட்டேன், மழையைப் பற்றியும் பல்லைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிடுவேன், அம்மாவுக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்று நினைத்துவிடாதே. நீ எனக்கு ஒரு பதில் சொல்கிற வரைக்கும் கடை வேலையை விடாதே. உன் சான்றிதழ்களையும் அடையாள அட்டையையும் கடைக்கார அம்மாவிடம் கொடுத்து வை, மாப்பிள்ளை கேட்டால் நகல் எடுக்க என்று சொல். காலையில் வெறும் வயிற்றோடு போகாதே, தலை ஈரத்தோடு படுக்காதே, யாரோடும் வாக்குவாதம் பண்ணாதே. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ரெண்டு பேர் ஆயுளும் சேர்ந்து உனக்கு இருக்க வேண்டும். அறை துடைத்து வைத்திருக்கிறது, அதை மட்டும் மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

பி.கு.: உறையில் விலாசம் எழுதிக்கொண்டிருக்கும்போதே நீ பேசிவிட்டாய், சாயங்காலம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளைதான் முதலில் பேசினார், சாமான் கட்ட ஆரம்பிச்சாச்சு அத்தை, இவளோட பொருளெல்லாம் முன்னாடியே லாரியில அனுப்பிடறோம் என்றார். நான் மழை பெய்ததைப் பற்றிச் சொன்னேன், நீ ம் என்றாய். அப்புறம் அந்த இடைவெளி. அம்மா, எனக்குப் பிசையுது என்றாய். உன் குரலில் நடுக்கம்கூட இல்லை. மாப்பிள்ளை, என்ன இப்போ, எதுக்கு, காரணத்தைச் சொல்லு என்றார். தெரியலை என்றாய். மறுபடியும் கேட்டார். தெரியலைங்க என்றாய். நான், சரிம்மா, வர்றோம், நாளைக்கு எப்பவும் போல கடைக்குப் போயிடு, நாங்க வர்ற வரைக்கும் அங்கேயே இரு என்றேன். எதுக்கு அத்தை வர்றீங்க என்று கேட்டார். எனக்கும் தெரியலை மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கடிதத்தைத் தபாலில் போடவில்லை, கையிலேயே கொண்டு வருகிறேன். உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கூப்பிடுகிறார்.